முகிலூடு காணும் கண்ணும் கணக்கும்

1935 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26 ஆந் திகதி காலை, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டவென்றி என்னும் ஊருக்கு அண்மையில், வயல்வெளியொன்றின் ஓரமாக ஒரு வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. வண்டிக்குள் வானொலி வாங்கும் கருவிகள் சில இருந்தன. ரொபேட் வாட்சன் வாட் என்னும் அறிஞரும் அவருடன் வந்தோரும் கருவியின் சிறு கண்ணாடித் திரையையே நோக்கியிருந்தனர். டவென்றியில் இருந்தது பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சிற்றலை நிலையம். கடல்கடந்த நாடுகளுக்குப் பேச்சும் பாட்டும் அனுப்புவதற்கென நிறுவப்பட்டது. அந்நிலையம் எழுப்பிய அலைகளுக்கு ஊடாக ஆகாய விமானமொன்று பறந்தபோது, திரையிலே ஒளிப்புள்ளி அசைந்தது. விமானம் அகன்றதும் அசைவும் அடங்கியது. இசையைச் சுமப்பதற்குப் பிறந்த அலை அன்று ஒற்றன் வேலை பார்த்தது. ரேடார் என்னும் கருவியின் வரலாற்றிலே அந்தக் காலைப்பொழுது பெரிதாகப் பேசப்படுவது முறையே. ஆயினும், 1904 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியரான ஹுல்ஸ்மயர் என்பார் இறைன் நதியிற் சென்ற கப்பல்களை இவ்வாறே கண்டு காட்டினார் என்பதையும், அதனை வாங்குவார் எவரும் அன்று இலர் என்பதையும் மறத்தல் ஆகாது.

போர்க்காலத்து ரேடார் பெரும் பணி செய்தது. இருளிலும் மூடுபனியிலும் பகைவர் விமானம் எத்திசையில், எத்தனை மைல் தொலைவில் வருகின்றதென்று அது சொல்லிற்று. எனினும் அது கண்ணன்று. வெறுந் தடவும் கைதான். அங்கே ஏதோ ஒன்று கிடக்கிறது என்று சொல்லும். கிடப்பது கயிறோ அரவோ என்று சொல்லாது. உருவத்தைக் காண வேண்டுமாயின் ஏரியல் பெரிதாக இருத்தல் வேண்டும். ஒளி அலை மிக நுண்ணியது. ஆதலால் அதனைக் காண ஒரு சிறு கண்மணி போதும். வானொலி அலையோ சாணளவும் முழத்தளவும் நீண்டது. 23 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலையைக் கொண்டு, 850 கிலோமீற்றர் தொலைவிலிருந்து, நிலத்திலே 25 மீற்றர் இடைவெளியில் உள்ள இரு பொருள்களை வேறுவேறாகக் காண வேண்டுமானால், ஏரியலின் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஆக வேண்டும். அத்தகைய ஒன்றை ஆகாயத்தில் ஏற்றுவது எவராலும் ஆகாது.

இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழியை 1951 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கண்டவர் கார்ல் வைலி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குட்இயர் விமான நிறுவனத்தில் அவர் பொறியியலாளராகப் பணியாற்றினார். கற்பனை மிகுந்த மனிதர். அதே ஆண்டில், சூரிய ஒளியின் உந்துதலால் விண்வெளியிற் பாய்விரித்துச் செல்லும் கப்பல்களைப் பற்றி விஞ்ஞானக் கதை இதழொன்றிற் புனைபெயரிற் கட்டுரை எழுதியவரும் அவரே. அவர் கூறியது இது: நீண்ட ஏரியலைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. சிறிய ஏரியல் ஒன்றே பறந்து செல்லட்டும். செல்லும் வழியெங்கும் எதிரொலிகளைச் சேர்த்து வைக்கட்டும். சேர்த்தவற்றைப் பின்னர் முறைப்படி கூட்டினால், அவ்வழி முழுவதும் நீண்டு கிடந்த ஓர் ஏரியல் கண்டதையே நாமும் காணலாம்.

முறைப்படி கூட்டுதல் என்றால் என்ன? புகையிரத நிலையத்தில் நிற்பவர் செவிக்கு, நெருங்கி வரும் வண்டியின் ஊதல் உச்சமாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்கும். ஒஸ்திரிய நாட்டு டொப்ளர் 1842 ஆம் ஆண்டில் இதற்கு விதி கூறினார். 1845 ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்து உத்திரெக்ற் நகருக்கு அருகே, ஓடும் புகையிரதத்தில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, பாதையோரத்தில் இசை வல்லாரை நிறுத்தி அவ்விதியைச் சோதித்தனர். பறக்கும் ரேடாருக்கும் இதுவே நிகழ்கின்றது. நிலத்திலுள்ள ஒரு பாறையை நோக்கிக் கருவி நெருங்கும்போது எதிரொலியின் மீடிறன் உயர்ந்திருக்கும், நேரெதிரே வரும்போது சமமாகும், கடந்ததும் தாழும். ஆகவே ஒவ்வொரு பாறையும், ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு வீட்டுக் கூரையும் மேலிருந்து கீழே இறங்குகின்ற ஒரே மெட்டைப் பாடுகின்றன. முன்னே நிற்பது முன்னர்த் தொடங்கும்; பின்னே நிற்பது பின்னர்த் தொடங்கும். கருவிக்குக் கேட்பதோ இலட்சக்கணக்கானோர் வெவ்வேறு கணத்தில் தொடங்கிப் பாடும் பெருங் குழப்பம். அக்குழப்பத்திலிருந்து ஒவ்வொருவர் குரலையும் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்தைக் குறிப்பதே படம் ஆக்குதல்.

கணித மொழியில் இது ஒரு தாயப் பெருக்கல். ரேடார் அலையை விட்டுவிட்டு அனுப்புகின்றது. ஒரு துடிப்புக்கு வந்த எதிரொலிகள் எண்களாகி ஒரு நிரையில் அமையும். அடுத்த துடிப்பு அடுத்த நிரை. இவ்வாறு எழும் எண் அட்டவணையே தாயம். நிலத்திலுள்ள ஒரு புள்ளியின் மெட்டு இந்த அட்டவணையிலே மேலிருந்து கீழாக, நாலாயிரம் நிரைகளுக்குச் சிதறிக் கிடக்கும். நிரல் ஒன்றினை எடுத்து, மெட்டின் எண்களால் ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஓர் இடம் நகர்த்தி மீண்டும் பெருக்கிக் கூட்ட வேண்டும். நிரலில் 4,096 எண்கள் இருப்பின், 4,096 முறை இதனைச் செய்தல் வேண்டும். ஒரு நிரலுக்கே 1,67,77,216 பெருக்கல்கள். அத்தகைய நிரல்களும் 4,096 உண்டாயின், தொகை 6,871 கோடியைத் தாண்டும். வினாடிக்கு ஓர் இலட்சம் பெருக்கல் செய்யும் பொறிக்கு இரவு பகலாக எட்டு நாள் வேலை. வைலியின் காலத்திலோ அவ்வேகமும் கனவே.

அதனால், எண்களைக் கைவிட்டு ஒளியைத் துணைக்கழைத்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வுகூடத்தில் லூயி குற்றோனா, எமெற் லீத் முதலியோர் ஒரு வழியைக் கண்டனர். அந்த இடமே போர்க்காலத்திற் குண்டுவீச்சு விமானங்கள் செய்யப்பட்ட பெருந்தொழிற்சாலையை அடுத்தது. எதிரொலிகளை எண்ணாக்காமல், படச்சுருளில் கருமை வெண்மைக் கோடுகளாகப் பதிந்தனர். அச்சுருளினூடாக ஒழுங்கான ஒளியைச் செலுத்தி வில்லைகளால் குவித்தபோது, மறுபுறத்தில் நிலத்தின் படம் விழுந்தது! கோடிக்கணக்கான பெருக்கலையும் கூட்டலையும், கூலி எதுவும் கேளாமல், ஒளி ஒரு நொடியிற் செய்து முடித்தது. 1957 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதன்முதலாக நல்ல படம் கிடைத்தது. இலேசர் அப்போது பிறக்கவில்லை என்பது வியப்பைப் பெருக்கும். இந்த ரேடார்ப் பணியே லீத்தை வேறொரு வாயிலுக்கும் இட்டுச் சென்றது. 1960 களின் தொடக்கத்தில், தம் துணைவர் யூரிஸ் உபத்நியெக்சுடன் அவர் உருவாக்கிக் காட்டிய முப்பரிமாணப் படங்கள், கண்டோரைத் திகைக்க வைத்தன.

ஒளி விரைவானது; ஆனால் வளைந்து கொடாதது. படச்சுருள் ஓரளவுக்கு மேல் வெளிச்சத்தையும் இருளையும் ஒருங்கே தாங்காது. இரசாயனக் கழுவலிற் சிறு பிழை நேர்ந்தாலும் படம் கெடும். விந்தையான வடிவுடைய வில்லைகளை மயிரிழை பிசகாது நிறுத்தத் தேர்ந்த கைகள் வேண்டும். அனைத்திலும் மேலாக, கிடைத்ததை அளந்து கணிக்க இயலாது, பார்க்கலாம், அவ்வளவுதான். எண்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. எட்டு நாட் பெருக்கலைச் சுருக்குவது எவ்வாறு என்பதே கேள்வி.

விடை, ரேடாரோடு சிறிதும் தொடர்பில்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. 1963 ஆம் ஆண்டில், ஜனாதிபதி கெனடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழுக் கூட்டமொன்றில் ரிச்சட் காவின் என்னும் பௌதிகவியலாளர் அமர்ந்திருந்தார். அருகிருந்த கணித அறிஞர் யோன் டூக்கி தாளிலே ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பூரியே என்னும் பிரெஞ்சுக் கணிதரின் பெயரால் வழங்கும் மாற்றத்தை, அதாவது ஓர் ஒலியை அதன் தனித்தனிச் சுரங்களாகப் பகுக்கும் கணக்கை, விரைவிற் செய்யும் உபாயம் அது. பிற நாடுகள் நிலத்தடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளால் கண்டறிய வேண்டும் என்ற கவலை காவினுக்கு இருந்தது. அதற்கு இக்கணக்கே தடையாயிருந்தது. அவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஜேம்ஸ் கூலேயிடம் சென்று, இதனைக் கணினிக்கு ஏற்ப எழுதித் தருமாறு வற்புறுத்தினார். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை; ஹீலியப் பளிங்கு ஒன்றினைப் பற்றிய ஆராய்ச்சிக்கு என்று சொல்லிவைத்தார். கூலேக்கு வேறு வேலைகள் இருந்தன. காவின் விடவில்லை. 1965 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், கூலேயும் டூக்கியும் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை வெளிவந்தது. நிறுவனமும் அதற்குத் தனியுரிமை கோராது பொதுச் சொத்தாக விட்டது.

உபாயம் என்னவெனில், பெரிய தாயத்தைச் சிறு தாயங்களின் பெருக்கமாக உடைப்பது. 4,096 நிரையும் 4,096 நிரலும் கொண்ட பூரியே தாயத்தில் வெற்றிடமே இல்லை. எல்லா இடத்தும் எண்கள். ஆனால் அதனைப் 12 தாயங்களின் பெருக்கமாக எழுதலாம். அப்பன்னிரண்டிலும் ஒவ்வொரு நிரையில் இரண்டே எண்கள், ஏனையவை சுழியம். சுழியத்தாற் பெருக்குவது வேலையாகாது அன்றோ? 1,67,77,216 பெருக்கல் வெறும் 24,576 ஆகக் குறுகும். 4,096 ஐப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் ஒன்றில் முடியும், அதனாலேயே பன்னிரண்டு. மெட்டைத் தேடும் வேலைக்கு இம்மாற்றத்தை முன்னும் பின்னுமாக இருமுறை செய்து, இடையில் 4,096 பெருக்கல் செய்தாற் போதும். முன்னே சொன்ன பொறிக்கு எட்டு நாள் எடுத்த வேலை, முப்பத்தாறு நிமிடத்தில் முடியும்.

பின்னர் பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் ஒரு செய்தியைக் கண்டு திகைத்தனர். இந்த உபாயத்தைக் கவுஸ் 1805 ஆம் ஆண்டளவிலேயே அறிந்திருந்தார்! 1802 இற் கண்டுபிடிக்கப்பட்ட பல்லாஸ் என்னும் சிறு கோளின் பாதையைக் கணிக்க, பன்னிரண்டு அளவீடுகளை மூன்றும் நான்குமாகப் பகுத்து அவர் இம்முறையைக் கையாண்டார். பூரியே தம் ஆய்வை முன்வைத்ததே 1807 இல் தான். கவுஸ் இதனை இலத்தீனில் எழுதி வைத்தார், வெளியிடவில்லை. அவர் மறைந்து பதினொரு ஆண்டு கழித்து, 1866 இல், தொகுப்பு நூலில் அது அச்சேறியது. இடையிலும் பின்னரும் வேறு சிலர் அதன் துண்டுகளைத் தனித்தனியே கண்டெடுத்தனர். முதன்மை யாருக்கு என்று வழக்காடுவோர் ஆடட்டும். கையாற் கணக்கிடும் ஒருவருக்கு இது வேலைக் குறைப்பு. கோடி எண்களைச் சுமக்கும் பொறிக்கு இது உயிர். பொறி பிறக்கும் வரையில் உபாயம் உறங்கிற்று. அதனைத் தட்டி எழுப்பிய புகழிற் பெரும்பங்கு, ஒரு வரியும் எழுதாமல் நச்சரித்துக்கொண்டேயிருந்த காவினுக்கு உரியது என்பதே நியாயம்.

பெருக்கல் சுருங்கிய பின்னரும் ஓர் இடையூறு நின்றது. இதனைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் வேலை செய்தோர் அறிவர். எதிரொலிகள் வந்து சேர்வது நிரை நிரையாக. மெட்டைத் தேட வேண்டியதோ நிரல் நிரலாக. அட்டவணையை மூலை திருப்ப வேண்டும். தாளில் எழுதியதாயின் தாளைத் திருப்பலாம். 1970 களின் கணினிக்கோ நினைவிடம் மிகக் குறுகியது. முழு அட்டவணையும் அதற்குள் அடங்காது. எண்கள் சுழலும் தட்டிலே நிரையாகப் பதிந்திருக்கும். ஒரு நிரலை எடுக்க ஒவ்வோர் எண்ணுக்கும் தட்டு ஒருமுறை சுற்றிவரக் காத்திருக்க வேண்டும். வினாடிக்கு 60 முறை சுழலும் தட்டாயினும், ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் எண்களுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். பெருக்கலில் மீதந்த நேரத்தைத் திருப்புதல் விழுங்கிவிடும். 1972 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு எக்லுண்ட் என்பார் இதற்கு வழி கூறினார். இரண்டே நிரைகளை நினைவுக்கு எடுத்து, அவற்றுள் சில எண்களை ஒன்றுக்கொன்று மாற்றி, முழு நிரைகளாகவே திரும்ப எழுதுக. இவ்வாறு அட்டவணை முழுவதையும் பன்னிரண்டு முறை கடந்தால், நிரைகள் யாவும் நிரல்களாக நிற்கும். இங்கும் பாதியாக்கும் வித்தையே, அதே பன்னிரண்டே.

இனி செய்மதியின் கதை. 1978 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், கடல்களை ஆராய்வதற்கென சீசாற் என்னும் செய்மதியை ஐக்கிய அமெரிக்கா ஏவியது. 800 கிலோமீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 10.7 மீற்றர் நீளமுள்ள ஏரியலோடு அது சுற்றியது. குடிமக்கள் பயனுக்காக இத்தகைய ரேடாரைத் தாங்கி விண்வெளிக்குச் சென்ற முதற் செய்மதி அதுவே. எதிரொலிகளைத் தன்னிடம் பதித்து வைக்கும் வசதி அதற்கில்லை. நிலையமொன்றின் பார்வைக்குள் வரும்போது மட்டும் அள்ளிக் கொட்டும். அமெரிக்காவில் மூன்றும், கனடாவின் நியூபவுண்லாந்திலும் பிரித்தானியாவிலும் ஒவ்வொன்றுமாக ஐந்து நிலையங்கள் கொட்டியதை ஏந்தின. 105 நாள் கழிந்து, ஒக்டோபர் மாதத்தில், மின்வழங்கலிற் பெரும் பழுது நேர்ந்து செய்மதி மௌனமாயிற்று. நீர்மூழ்கிகளின் சுவட்டை அது கண்டுவிட்டதால் வேண்டுமென்றே அணைத்தார்கள் என்று ஒரு வதந்தி நெடுங்காலம் உலவியது. சான்று எதுவும் வந்ததில்லை. எஞ்சியவை சுமார் 42 மணிநேரத்து எதிரொலிகள் பதிந்த நாடாக்கள். செய்மதி இறந்துவிட்டது. இனி அந்த எண்கள் மட்டுமே உண்டு.

அமெரிக்கர் பெரும்பாலான படங்களை முதலில் ஒளிவழியாகவே ஆக்கினர். எண்வழியில் முதல்வராக முந்தியோர், கனடாவின் வன்கூவர்ப் பகுதியிலிருந்த மக்டொனல்ட் டெற்வைலர் என்னும் சிறிய நிறுவனத்தார். கனடாவுக்கு இதிற் கண் வைக்கக் காரணம் உண்டு. ஆண்டிற் பாதி இருளும், முகிலும், கடலில் மிதக்கும் பனியும் அந்நாட்டின் வடபுறத்தை மூடிவைத்திருந்தன. இயன் கமிங், யோன் பெனற் முதலியோர் கையில் இருந்ததோ சாதாரணச் சிறுகணினி.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் இன்னொன்று. செய்மதி கடந்து செல்லும்போது நிலப்புள்ளிக்கும் அதற்கும் உள்ள தூரம் முதலிற் குறைந்து பின்னர்க் கூடும். ஆகவே ஒரு புள்ளியின் எதிரொலிகள் நேரான நிரலில் நில்லாமல், வில்போல் வளைந்து பல நிரல்களிற் பரவிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியின் வில்லையும் தனித்தனியே நிமிர்த்த முனைந்தால் பழைய எட்டு நாள் மீண்டும் வந்து நிற்கும். அவர்கள் முதலில் பூரியே மாற்றத்தைச் செய்துவிட்டு, அதன்பின்னர் நிமிர்த்தினர். மாற்றத்தின் பின், ஒரே தூரத்திலுள்ள புள்ளிகளின் விற்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே வளைவிற் படிந்துவிடுகின்றன. ஒருமுறை நிமிர்த்தினால் அனைத்தும் நிமிரும். அமெரிக்காவிலும் இதே காலத்தில் இம்முறை ஆராயப்பட்டது. 1978 நவம்பரில், சீசாற் மௌனமாகி ஒரு மாதம் அளவில், கனடியக் குழுவினரின் பொறியிலிருந்து முதற் படம் வெளிவந்தது. சிறு நிலப்பரப்பொன்றுக்கே ஒரு நாளுக்கும் மேற்பட்ட நேரம் எடுத்தது. ஒளி ஒரு நொடியிற் செய்ததற்கு இத்தனை நேரமா என்று சிரித்தோரும் இருந்திருப்பர். ஆனால் கணினி ஆண்டுதோறும் விரைந்தது. வில்லை அன்றிருந்தபடியே இருந்தது.

பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 இல் மகெல்லன் விண்கலம் வெள்ளிக் கோளை அடைந்து, ஒருபோதும் விலகாத அதன் முகிற்போர்வைக்கு அடியிலிருந்த நிலத்தை ஏறக்குறைய முழுவதும் இம்முறையிற் படமாக்கியது. ஐரோப்பாவும் கனடாவும் ரேடார்ச் செய்மதிகளை ஏவின. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இலங்கையின் தென்மேற்கு மாவட்டங்களை மூழ்கடித்தபோது, வானம் மூடிக் கிடந்தது. ஒளிப்படம் எடுக்கும் செய்மதிகளுக்கு முகில்களே தெரியும். வெள்ளம் எவ்வளவு தூரம் பரவியது என்பதை ஐரோப்பிய ரேடார்ச் செய்மதியின் எதிரொலிகளிலிருந்து கணித்தனர். அமைதியான நீர் அலையைத் திருப்பி அனுப்பாது. ஆகவே வெள்ளம் நின்ற வயல்கள் படத்திற் கருமையாகத் தெரிந்தன.

சீசாற்றின் நாடாக்களோ அமெரிக்க ஆய்வுநிலையங்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. காந்த நாடா அழியும் பொருள். அதனைப் படிக்கும் பொறிகளும் ஒவ்வொன்றாக வழக்கொழிந்தன. 1978 இல் ஒளிவழியில் ஆக்கிய படங்களை எவ்வளவு முயன்றும் மேலும் தெளிவாக்க முடியாது. படச்சுருளில் விழாதது என்றும் விழாதது. எண்கள் அப்படியன்று. அலாஸ்காவிலுள்ள செய்மதி ஆவணநிலையத்தார் நாடாக்களிலிருந்து அவற்றை மீட்டனர். பதிவிற் பிறழ்ந்திருந்த நேரக் குறிகளைச் சீர்செய்து, விட்டுப்போன நிரைகளைக் கண்டு, முழுவதையும் புதிதாகக் கணித்தனர். 2013 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், செய்மதி ஏவப்பட்டு 35 ஆண்டு நிறைந்தபோது, அப்படங்கள் எவரும் எடுத்துக் காணும்படி வெளியிடப்பட்டன. 1978 ஆம் ஆண்டின் அந்த 105 நாட்களிற் பனியாறுகளும் கடற்கரைகளும் இருந்த நிலையை, அப்போது பிறந்திராத ஆய்வாளர்கள் தம் காலத்துப் படங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தொடங்கினர்.